மதகுக்காரர் பெயர் என்ன?

பகடை மேசை: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தை நடத்துகிறவர் வைத்திருக்கும் குறிப்பு நோட்டைப் பற்றியே இருக்கின்றன. கல்லூரி லீவு முடிந்து புதுக் கேம்பெயின்கள், அதாவது பல நாள் தொடரும் ஆட்டக் கதைகள், தொடங்கும் நேரம் என்பதால் இருக்கலாம். சரி, இந்த இதழ்ப் பக்கம் முழுவதும் அதற்கே.

அண்ணே, ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு நடத்துகிறேன். கதை நடக்கும் ஊரை நம் கடைமடைப் பக்கத்து ஊர் மாதிரியே அமைத்திருக்கிறேன். ஊரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பிறந்த கதையிலிருந்து ஒன்றிரண்டு பக்கம் எழுதி, ஒரு லாங் சைஸ் நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது. ஆனால் விளையாடும்போது "அன்னிக்கு மதகுல ஒரு பெரியவரைப் பார்த்தோமே, அவர் பேர் என்ன?" என்று ஒருத்தன் கேட்டால் பக்கம் புரட்டுவதிலேயே நேரம் போய்விடுகிறது. பசங்க போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?
— கல்லூரி மாணவர், மன்னார்குடி

தம்பி, அந்த இரண்டு நோட்டையும் பரணில் ஏற்றி வையுங்கள். கிழிக்க வேண்டாம், எழுதியபோது உங்களுக்கு ஊர் பிடிபட்டது, அந்த வேலை முடிந்தது. மேசைக்கு அவை வேண்டாம்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நாயகனையோ நாயகியையோ எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் இது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து இந்த வகை ஆட்டம் பரவியது. நாயகர்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மீதி ஊர், அதாவது டீக்கடைக்காரர், தலையாரி, பூசாரி, திருடன், ராணி எல்லாரும் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒருத்தர் தலையில். இந்த மீதிப் பேரைத்தான் என்பிசி என்கிறோம்.

இப்போது மதகுக்காரருக்கு வருவோம். அவருடைய தாத்தா எந்த வெள்ளத்தில் எந்தக் கரையைக் காப்பாற்றினார் என்று உங்கள் நோட்டில் இருக்கும். அதை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்பது பெயர், போன தடவை என்ன பேசினோம், இப்போது நம் மேல் கோபமாக இருக்கிறாரா, இவ்வளவுதான். கேட்டவன் வாய் மூடுவதற்குள் பதில் கைக்கு வர வேண்டும்.

பகலில் எனக்குப் பத்திரம் எழுதும் பிழைப்பு. அங்கே கையில் புரளும் கணக்குகளில் இரண்டு, சிட்டாவும் அடங்கலும். நிலம் யார் பெயரில், சர்வே எண் என்ன, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்பது சிட்டா. லேசில் மாறாது. இந்தப் பசலியில், அதாவது இந்த வருவாய்க் கணக்கு ஆண்டில், அந்த நிலத்தில் குறுவை நிற்கிறதா, சம்பாவா, தரிசாகக் கிடக்கிறதா என்பது அடங்கல். போகத்துக்குப் போகம் எழுதியாக வேண்டும். கிராமக் கணக்கில் அடங்கல் 2-ஆம் எண், சிட்டா 10-ஆம் எண், இரண்டும் தனித்தனி. உங்கள் நோட்டில் இவை இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் தேட வேண்டியிருக்கிறது.

3-க்கு 5 அங்குல அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் சிட்டா, பேனாவில். பின்பக்கம் அடங்கல், பென்சிலில். என் மேசையில் இருக்கும் ஒரு மதகுக்காரரின் அட்டையை அப்படியே தருகிறேன்.

முன்பக்கம்: "சாவிக்காரர். பெயர் சிங்காரம். மேலமதகு. இடது கையில் சுண்டுவிரல் இல்லை; பேசும்போது சாவிக்கொத்தைத் தடவுவார். வேண்டுவது: மகனுக்கு அரண்மனையில் வேலை. தெரிந்தது: அமாவாசை ராத்திரி மதகைத் திறக்கச் சொன்னவர் யார். உறவு: ஓடக்காரி காளியம்மாளின் அண்ணன்."

பின்பக்கம் (செஷன் என்பது ஒரு நாள் ஆட்டம்): "செஷன் 4: பொய் சொல்லிச் சாவி வாங்கினார்கள். மறுநாளே தெரிந்துவிட்டது. செஷன் 7: காளியம்மாள் சொல்லிச் சமாதானம். இப்போது: பேசுவார். சாவி தரமாட்டார்."

இதற்குமேல் எழுத அட்டையில் இடமும் இல்லை, அது நல்லதுக்குத்தான். முன்பக்கத்தில் எதையாவது ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் தோற்றத்தை விடுங்கள். 'வேண்டுவது' என்ற வரியை மட்டும் விடாதீர்கள். ஓர் ஆளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால், பிளேயர்கள் என்ன கோணல் கேள்வி கேட்டாலும் அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கு வந்துவிடும். மகனுக்கு வேலை வேண்டும் என்கிற மனிதர் அரண்மனை ஆள் பக்கத்தில் நிற்கும்போது ஒன்று பேசுவார், இல்லாதபோது வேறு பேசுவார். இதற்குத் தனியாகக் குறிப்பு வேண்டாம்.

அட்டைகளை அகர வரிசையில் அடுக்காதீர்கள். உங்கள் நண்பர் கேட்டதையே பாருங்கள்: "மதகுல பார்த்தோமே." பெயர் மறந்துபோகும், இடம் மறக்காது. அதனால் இடம் இடமாகக் கட்டுங்கள். மேலமதகு, கடைத்தெரு, சந்நிதித் தெரு, ஓடத்துறை, அரண்மனை. இடத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட். நிலையில்லாமல் சுற்றுகிறவர்களுக்கு, அதாவது பாம்பாட்டி, துணி வியாபாரி, ஒற்றன் போன்றவர்களுக்கு 'வழியில்' என்று ஒரு கட்டு. நாயகர்கள் ஓடத்துறைக்குக் கிளம்பினால் ஓடத்துறைக் கட்டைப் பிரித்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் டப்பாவிலேயே இருக்கட்டும். கடைசியாக ஓர் அரைத்தாளில் பெயர்களை மட்டும் அகர வரிசையில் எழுதி, எதிரே கட்டின் பெயரைப் போட்டு டப்பா மூடியில் ஒட்டுங்கள். பெயர் ஞாபகம் இருந்து இடம் மறந்துபோகும் அபூர்வமான நாளுக்கு அது போதும்.

அப்புறம், யாருக்கு அட்டை? இதில் நான் கறார். மேசைக்கு வந்து பேசிய ஆளுக்குத்தான் அட்டை. வரப்போகிறவர்களுக்கு ஒற்றை வரி மட்டும், ஒரே தாளில். நீங்கள் மூன்று ராத்திரி உட்கார்ந்து செதுக்கிய மந்திரியை விட்டுவிட்டு, பெயர்கூட வைக்காத இளநீர்க்காரரிடம் போய் ஒட்டிக்கொள்வார்கள். எந்த மேசையிலும் இதுதான் நடக்கும். அந்த நேரத்தில் "அவர் பேர் வந்து..." என்று இழுக்காமல் இருக்க, முன்கூட்டியே இருபது பெயர் எழுதிய ஒரு தாள் வேண்டும். முதல் எழுத்து ஒவ்வொன்றும் வேறாக இருக்கட்டும். கோவிந்தன், கோபால், கோதண்டம் மூவரும் ஒரே ஊரில் இருந்தால் இரண்டாவது வாரமே குழப்பம். இளநீர்க்காரருக்கு ஒரு பெயரைக் கொடுத்ததும் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'இளநீர், கடைத்தெரு' என்று எழுதினால் போதும், ஆட்டம் நிற்காது.

அட்டை எழுதும் நேரம் ஆட்டம் முடிந்த உடனே, பசங்க செருப்பு மாட்டுவதற்குள். "இன்னிக்கு யார் யாரு ஞாபகத்துல இருக்காங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பெயர்களுக்கு மட்டும் அட்டை. சொல்லாதவர் தாளிலேயே கிடக்கட்டும், இன்னொரு நாள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி டப்பாவைத் திறந்து இரண்டு மூன்று பேரை மட்டும் எடுத்து, இடைப்பட்ட நாளில் இவர் என்ன செய்திருப்பார் என்று பின்பக்கத்தில் ஒரு வரி. எல்லாருக்கும் எழுதப் போனால் அது பழைய லாங் சைஸ் நோட்டாகிவிடும்.

இன்னொன்று. உங்கள் ஐந்து பேரில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருத்தரிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, தாங்கள் சந்தித்தவர்களை எழுதச் சொல்லுங்கள். பாதி கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள். சிங்காரம் தன் பெயரை மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த நோட்டில் பொய்ப்பெயர்தான் இருக்கும். நீங்கள் எட்டிப் பார்த்தாலும் திருத்தாதீர்கள். என்றைக்காவது ஓடக்காரி "எங்க அண்ணன் சிங்காரம்" என்று வாய்தவறும்போது அந்த நோட்டு வைத்திருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணா, நான் பள்ளி ஆசிரியை. தோழிகளுக்காக மாதம் ஒருமுறை ஆட்டம் நடத்துகிறேன். என் என்பிசிகள் எல்லாரும் என்னைப் போலவே பேசுகிறார்கள், வகுப்பெடுக்கிற மாதிரி. எனக்குக் குரல் மாற்றிப் பேச வராது. குறிப்பில் என்ன எழுதி வைத்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும்?
— வாசகி, திருவாரூர்

குரலை மாற்றவே வேண்டாம். கட்டைக்குரலில் பேசி மறுநாள் பள்ளிக்கூடத்தில் தொண்டை கட்டிக்கொண்டு நிற்பதுதான் மிச்சம். தமிழில் நமக்கு வேறொரு வசதி இருக்கிறது: ஒருத்தர் நம்மை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதிலேயே பாதி ஆள் தெரிந்துவிடும். அட்டையின் வலது மேல் மூலையில் அதை மட்டும் எழுதுங்கள். 'வாங்க தம்பி', 'என்னடா', 'ஐயா சொல்லுங்க', 'ஏம்மா', 'சாமி'. உட்கார்ந்த இடத்தில் அதைப் படித்துவிட்டு வாயைத் திறந்தால் மீதி தானாக வரும்.

மதகு ராத்திரியே திறந்துவிட்டார்கள் என்ற ஒரே செய்தியை எடுத்துக்கொள்வோம். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வந்தால், "ராத்திரியே தண்ணி விட்டாச்சுங்க, எனக்கு உத்தரவு அப்படிங்க." பண்ணை வீட்டுப் பெரியவர் திண்ணையில் இருந்தபடி, "தண்ணி வந்துடுச்சாமே. எவன் திறந்தான்?" ஓடக்காரி தூரத்திலிருந்தே, "அய்யோ சாமி, துறையே முங்கிப்போச்சு, இப்ப எங்க கெளம்பிட்டீங்க?" மூன்றையும் உங்கள் சொந்தக் குரலிலேயே படித்துப் பாருங்கள். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது வரை தெரியும்.

கூப்பிடும் விதம் மாறினால் அதைப் பின்பக்கத்தில் குறித்துவையுங்கள். 'செஷன் 6: நீங்க என்பது நீ ஆனது' என்று எழுதினால் ஒரு முழு ஆட்டத்தின் உறவுமாற்றம் அந்த வரியில் இருக்கும். எங்கள் ஆட்டத்தில் காளியம்மாள் வெகுநாள் நாயகியை 'அம்மணி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுழலில் இருந்து நாயகி அவளை இழுத்துக் கரையில் போட்ட ஆட்டத்தின் முடிவில், "வாடி, வந்து ஒரு வாய் கஞ்சி குடி" என்றாள். அந்தப் பிளேயர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பொற்காசு மூட்டை கிடைத்தபோதுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

பெயர் விஷயத்திலும் நம் ஊர் வழக்கத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை ஊரில் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? டெய்லர் மாமா, சாவிக்காரர், மூன்றாவது வீட்டு ஆச்சி என்றுதான் சொல்வோம். ஆகவே அட்டையின் முதல் வரியில் ஊர் கூப்பிடும் பெயர், இரண்டாவது வரியில் சொந்தப் பெயர். உங்கள் தோழிகளுக்கு முதல் வரிதான் ஞாபகம் இருக்கும்.

ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம் என்பேன். சாதியைக் காட்டிக்கொடுக்கும் பேச்சைச் சிரிப்புக்காக எடுக்காதீர்கள். அது மேசையில் இருக்கும் யாரோ ஒருவருடைய வீட்டுப் பேச்சாக இருக்கும். அவர் சிரிப்பார், அடுத்த மாதம் வரமாட்டார்.

சார், அட்டை எல்லாம் பழைய காலம். நான் லேப்டாப்பில் அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் ஆப் பயன்படுத்துகிறேன். அதைவிட நல்லது ஏதாவது இருக்கிறதா?
— மென்பொருள் ஊழியர், மயிலாடுதுறை

இருப்பதே நல்லதுதான், மாற்றாதீர்கள். ஆப் மாற்றுவது குறிப்பு எழுதாமல் தப்பிப்பதற்கு நாகரிகமான வழி.

அப்சிடியனில் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியிலேயே சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். கம்பெனி நாளைக்கே மூடினாலும் கோப்பு உங்களிடம். ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அந்த ஆளின் பக்கத்துக்கு இணைப்பு உண்டாகிவிடும். சிங்காரத்தின் பக்கத்தைத் திறந்தால், அவரை இணைத்திருக்கும் செஷன் குறிப்புகள் எல்லாவற்றையும் அங்கேயே பார்க்கலாம். கேம்பெயின் வருஷக்கணக்கில் ஓடும்போது இதற்கு ஈடு கிடையாது. இந்த வேலையை என் அட்டை டப்பா செய்யாது, ஒத்துக்கொள்கிறேன்.

தமிழில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் எழுத்துக்கூட்டு. ஒருநாள் கருப்பாயி என்று அடிப்பீர்கள், இன்னொரு நாள் கறுப்பாயி. ரத்தினம், இரத்தினம். ஒலிப்படி தட்டினால் தமிழாக மாறும் கீபோர்டு என்றால் கேட்கவே வேண்டாம், முதலில் காட்டியதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவோம். கணினிக்கு இவை இரண்டும் வேறு வேறு ஆள். தேடினால் பாதிக் கதை வராது. பெயரை முதலில் வைக்கும்போதே எழுத்துக்கூட்டை முடிவுசெய்து, மற்ற வடிவங்களை அந்த ஆளின் பக்கத்திலேயே மாற்றுப்பெயராகப் போட்டுவையுங்கள். அப்சிடியனில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைப்பது எனக்குப் பிடிக்காது. திரை உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே நிற்கிறது. நீங்கள் ஆபீஸ் மெயில் பார்க்கிற மாதிரி அவர்களுக்குத் தெரியும். தயாரிப்பு லேப்டாப்பில் இருக்கட்டும், அன்றைய ஆட்டத்துக்கு வேண்டிய ஏழெட்டுப் பேரை மட்டும் அட்டையில் எழுதி எடுத்துப்போங்கள். கையால் ஒருமுறை எழுதும்போது மனதிலும் ஏறிவிடும்.

ராஜராஜன் காலத்தில் ஒரு கேம்பெயின் தொடங்கியிருக்கிறோம். என்பிசிகளுக்கு வைக்கும் பெயரெல்லாம் சினிமாப் பெயராகவே வருகிறது. அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்களின் பெயர் எங்கே கிடைக்கும்? இன்னொரு சந்தேகம்: முக்கியமான என்பிசியைப் பிளேயர்கள் கொன்றுவிட்டால் அவர் குறிப்பை என்ன செய்வது?
— வாசகர், தஞ்சாவூர்

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா! உங்கள் இரண்டு சந்தேகங்களுக்கும் பதில் பெரிய கோயிலிலேயே கல்லில் வெட்டியிருக்கிறது.

1010-ல் கோயில் பணி முடிந்த காலத்தில், சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலை ஒட்டிய குடியிருப்பில் இருந்து ஆடல்பாடல் பணி செய்யும் பெண்களை, ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு என்பது வருஷத்துக்கு 100 கலம் நெல். இந்த 400 பேரையும் அந்தக் கல்வெட்டு ஒவ்வொருவராகச் சொல்கிறது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (எந்தப் பக்கத்து வீட்டு வரிசை), தலைவீட்டிலிருந்து எத்தனையாவது வீடு, எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன. திருவாரூரிலிருந்து வந்தவர்கள் உண்டு, திருவையாற்றிலிருந்து, பழையாற்றிலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. பெயர்களுக்கு முன்னால் நக்கன் என்றே வரும். தில்லையழகி, எடுத்தபாதம் போன்ற பெயர்களைப் பார்க்கலாம். அதன் பிறகு நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், தையற்காரர் என்று கோயில் வேலைக்காரர்களுக்கும் பங்கு சொல்லிக்கொண்டே போகிறது.

முன்னொட்டு ஒன்று, பெயரும் திரும்பத் திரும்ப வரும். இருந்தும் யாரும் யாரோடும் குழம்ப வழியில்லை, வீடும் வந்த ஊரும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. உங்கள் ஆட்டத்துக்கும் அதையே செய்யுங்கள். தெற்குத் தளிச்சேரியில் ஒரு சிறகை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த ஐந்து வீடுகளுக்கு ஐந்து அட்டை போடுங்கள். வீட்டு வரிசையிலேயே அடுக்குங்கள். நாயகர்கள் தெருவில் நடந்தால் நீங்கள் அட்டையைப் புரட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். திருவாரூர்க்காரரும் பழையாற்றுக்காரரும் பக்கத்து வீடு என்றால் பேச்சுக்கும் பூசலுக்கும் நீங்கள் தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

இறந்தவர் விஷயத்துக்கும் அந்தக் கல்வெட்டிலேயே ஏற்பாடு இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்து அந்தப் பங்கைப் பெற வேண்டும். உறவினருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளைத் தேர்ந்து வைக்க வேண்டும். ஆக, உங்கள் ஒவ்வோர் அட்டையிலும் அடியில் ஒரு வரி: 'இவருக்கு அடுத்து யார்?' கணக்கரை நாயகர்கள் தீர்த்துக்கட்டினால் மறுநாள் அவருடைய மருமகன் அதே ஓலைச்சுவடியோடு அதே இடத்தில் உட்கார்ந்திருப்பான், மாமனுக்கு என்ன ஆனது என்று விசாரித்துக்கொண்டு. பழைய அட்டையைக் கிழிக்காமல் புது அட்டைக்குப் பின்னால் கிளிப் போட்டு வையுங்கள். அவர் வாங்கிய கடன், செய்த சத்தியம் எல்லாம் வாரிசுக்கு வந்து சேரும்.

உரிமையோடு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தளிச்சேரிப் பெண்களைச் சாராயக்கடையில் ஆடுகிறவர்களாக ஆக்கிவிடாதீர்கள். வீடும் நெல்லும் கோயிலில் உரிமையும் பெற்று, ஆயிரம் வருஷமாகக் கல்லில் பெயர் நிற்கும் பெண்கள் அவர்கள். மந்திரியைவிட அவர்களுக்கு ஊர் விஷயம் அதிகம் தெரிந்திருக்கும். துப்புக் கொடுக்கும் என்பிசியாக வையுங்கள்.

பெட்டிக்கடைக்காரருக்கும் ஸ்டாட்ஸ், அதாவது சண்டைக்கான எண்கள், எழுத வேண்டுமா அண்ணே?
— வாசகர், நாகப்பட்டினம்

வேண்டாம். ஐந்தாம் பதிப்பில் சாதாரணக் குடிமகனுக்கு ஆர்மர் கிளாஸ் (அவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்ற எண்) 10, ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண்) 4. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும்; மனப்பாடமாகவே இருக்கும்.

அதைவிட, புதிதாகச் சந்திக்கும் ஆள் எப்படி நடந்துகொள்வார் என்று தெரியாதபோது பழைய பதிப்புகளில் ஒரு வழி இருந்தது. ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டுவது. 1981 விதிப்படி 2 விழுந்தால் நேரே அடிக்க வருவார், 12 விழுந்தால் உயிர் நண்பர், 6 முதல் 8 வரை இன்னும் முடிவுக்கு வராதவர். மொத்தம் 36 சேர்க்கைகளில் 2-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று, நடுவில் இருக்கும் அந்த மூன்று எண்களுக்கு மட்டும் 16. அதாவது மற்ற எந்த நிலையையும்விட அதிகமாக ஆள் 'சொல்லுங்க பார்ப்போம்' என்ற நிலையில் இருப்பார், மனிதர்களும் அப்படித்தானே. விழுந்த எண்ணை அட்டையின் மூலையில் பென்சிலில் எழுதிவையுங்கள். பெட்டிக்கடைக்காரர் ஏன் முறைத்தார் என்று அடுத்த மாதம் யோசிக்க வேண்டியிருக்காது.

தம்பி, நான் இந்தப் பத்திரிகையில் கோலப் பக்கமும் சமையல் பக்கமும் பார்க்கிறவள். என் பேரன் ஷூ டப்பா நிறைய அட்டை வைத்திருக்கிறான். துடைக்கும்போது ஒன்று கீழே விழுந்தது. "வட்டிக்கடை நாகு. நம்ம பசங்க 40 பொன் பாக்கி. அடுத்த பௌர்ணமிக்குள் கொடுக்கலைன்னா ஆள் அனுப்புவான்" என்று எழுதியிருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அவனிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.
— ஒரு பாட்டி, திருவையாறு

பாட்டி, நிம்மதியாகத் தூங்குங்கள். நாகு என்று யாரும் கிடையாது, 40 பொன்னும் கிடையாது. மேலே மன்னார்குடித் தம்பிக்குச் சொன்ன அட்டை இதுதான்; உங்கள் பேரன் இந்த ஆட்டத்தில் கேம் மாஸ்டர். அந்தக் கடன் அவன் நண்பர்கள் நடிக்கும் நாயகர்கள் கதைக்குள் வாங்கியது. உங்கள் வீட்டில் தாயம் ஆடியிருப்பீர்கள். இதில் அந்தக் கட்டைக்குப் பதில் இருபது முகம் உள்ள பகடையும் உருளும். காசு வைத்து ஆடுவதில்லை.

ஆனால் அந்த அட்டை எந்தக் கட்டிலிருந்து விழுந்ததோ அதே கட்டில் வைத்துவிடுங்கள். இடம் மாறினால் அவனுக்கு ஆட்டத்தில் திண்டாட்டம். இன்னொரு யோசனை: நாகு எப்படிப் பேசுவான் என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றால் எப்படிக் கேட்பார் என்று அவன் வயசுப் பையனுக்கு எங்கே தெரியும்?

அண்ணே, அட்டை எங்கே வாங்குகிறீர்கள்? ஸ்டேஷனரி கடையில் கேட்டால் பெரிய சார்ட் காட்டுகிறார்கள்.
— வாசகர், கும்பகோணம்

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில் கேளுங்கள். பத்திரிகை வெட்டியதுபோக ஓரத்தில் மிஞ்சும் அட்டைத் துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். கட்டிங் மெஷினில் 3-க்கு 5 வெட்டித் தரச் சொன்னால் டீ காசுக்குத் தருவார்கள். முகூர்த்த மாதத்தில் போகாதீர்கள், உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆடியில் போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள். வழவழ அட்டை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பென்சில் பிடிக்காது. மஞ்சள் தடவிய மாதிரி இருக்கும் கெட்டி அட்டை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பலமுறை அழித்து எழுதினாலும் தாங்கும்.